ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையில் யு வளைவு உணரி: செய்முறையும் சறுக்கும் இடங்களும்

பிளாஸ்டிக் ஒளியிழையை யு வடிவில் வளைத்து, வளைவின் வெளிப்பக்க மேலுறையை (உள்ளகத்தைச் சுற்றியுள்ள மெல்லிய பூச்சு) லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டால் போதும். வளைவு எந்தத் திரவத்தில் முங்கியிருக்கிறதோ, அதன் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்து மறுமுனைக்கு வந்துசேரும் வெளிச்சம் கூடும், குறையும். ஒளியிழை பயோசென்சர்களில் (புரதம் போன்ற உயிர் மூலக்கூறுகளைக் கண்டறியும் உணரிகள்) ஒரு முக்கிய வகைக்கு இதுதான் அடித்தளம். சென்னை ஐஐடியின் பயோசென்சர் ஆய்வகம் இந்த யு வளைவு இழைகளில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது. இங்கே சொல்வது கல்லூரி ப்ராஜெக்ட் அளவிலான வடிவம்: சர்க்கரைக் கரைசலின் செறிவை அளப்பது.

முதலில், ஏன் வளைக்க வேண்டும்? நேரான இழையின் மேலுறையை மட்டும் உரித்துத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, "எண் அசையவே இல்லையே" என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. அது அசையாததற்குக் காரணம் உண்டு. இழையின் உள்ளகம் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), ஒளிவிலகல் எண் 1.492. மேலுறை ஏறத்தாழ 1.41. தண்ணீரோ 1.333. மேலுறைக்குள் தப்பிப் பிழைத்து வந்த கதிர்கள் எல்லாம், அதைவிடக் குறைந்த எண் உள்ள தண்ணீரிலும் முழு அக எதிரொளிப்பு அடைந்து தாராளமாகப் போய்விடும். 40% சர்க்கரைப் பாகுகூட 1.400 தான், அதிலும் ஒழுகாது. வளைவில்தான் கதிர்கள் வெளிச்சுவரில் செங்குத்தை நோக்கிச் சாய்ந்து மோதுகின்றன. அப்போதுதான் திரவத்தின் எண் கொஞ்சம் ஏறினாலும் சில கதிர்கள் வெளியே நழுவும். நமக்கு வேண்டியது அந்த நழுவல்.

வாங்க வேண்டியவை: 1 மி.மீ. வெறும் பிளாஸ்டிக் இழை (அலங்கார விளக்குக் கடைகளில் 'எண்ட் குளோ' என்று கேட்டால் மீட்டர் கணக்கில் தருவார்கள்) 40 செ.மீ.; அதன்மேல் நுழையும் கறுப்பு பிவிசி ஸ்லீவ்; 5 மி.மீ. பச்சை எல்இடி, 525 நானோமீட்டர், பிபிடபிள்யூ34 போட்டோடையோடு (வெளிச்சத்தை மின்னோட்டமாக்குவது) இரண்டு, எம்சிபி6002 ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்று, ஏடிஎஸ்1115 பலகை (வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசி), ஏதாவது ஒரு ஆர்டுயினோ, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், சமையலறைத் தெர்மாமீட்டர், 0.1 கிராம் காட்டும் தராசு. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வேண்டாம். அது சுருங்கும் சூட்டில் இழை கெட்டுவிடும்.

இழை முனையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நசுங்கும். புது பிளேடால் ஒரே அழுத்தில் நேராக வெட்டி, ஈரமான 1500, பிறகு 2000 நம்பர் தாளில் எட்டு போடுவதுபோல் தேயுங்கள். ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறுமுனையைப் பார்த்தால் கறையில்லாத வெள்ளை வட்டம் தெரிய வேண்டும்.

வளைப்பதற்கு அக்ரிலிக் துண்டு ஒன்றில் மையத்துக்கு மையம் 7 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டு, இழையின் இரு கைகளையும் நுழையுங்கள். கீழே பெரிய வளையமாகத் தொங்கட்டும். அந்த வளையத்தை 80 டிகிரி தண்ணீரில் இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, உள்ளே 6 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை வைத்துக்கொண்டு கைகளை மெல்ல மேலே இழுங்கள். தண்டைத் தொட்டதும் நிறுத்தி, அதே சூட்டில் 10 நிமிடம் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று போட்டால் வளைவுக்குள் இறுக்கம் தங்கிவிடும். பின்னால் விரிசல் விழுவது அங்கேதான். கொதிநீரும் கூடாது. பிஎம்எம்ஏ ஏறத்தாழ 105 டிகிரியில் இளகும். இழையாக இழுக்கப்பட்டபோது நீண்டுபோன மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தச் சூட்டை நெருங்கும்போதே பழையபடி சுருளப் பார்க்கும். இழை நீளம் குறைந்து தடிக்கும்.

அடுத்து மேலுறை. அதன் தடிமன் 10 மைக்ரோமீட்டர்தான். வளைவின் வெளிப்பக்கத்தை மட்டும், 5 முதல் 6 மி.மீ. நீளத்துக்கு, ஈரமான 1500 தாளால் சில முறை வருடி, 2000 ஆல் முடியுங்கள். உள்பக்கத்தைத் தொட வேண்டாம். வெளிச்சம் ஓடுவது வெளிச்சுவரை ஒட்டித்தான். போதுமா என்று தெரிய, சுற்றை முதலிலேயே கட்டி வைத்துக்கொண்டு, தேய்த்துத் தேய்த்து 30% சர்க்கரைக் கரைசலில் முக்கிப் பாருங்கள். தண்ணீருக்கும் கரைசலுக்கும் உள்ள இடைவெளி விரிவது நின்றதும் நிறுத்திவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், சூப்பர் குளூ மூன்றும் இந்த இழைக்கு எதிரி. இறுக்கம் உள்ள பிஎம்எம்ஏவில் ஸ்பிரிட்கூட மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். கழுவப் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு போதும். ஒட்ட இரண்டு கூறு எபாக்ஸி.

எல்இடியின் தலையில் 1 மி.மீ. டிரில்லால் கையாலேயே துளை போட்டு, உள்ளே தெரியும் சிப்புக்கு 1 மி.மீ. முன்பு நிறுத்தி, இழை முனையை எபாக்ஸியில் பதியுங்கள். ஆழம் போனால் சிப்பின் மேலுள்ள கம்பி அறுந்துவிடும், எல்இடி போச்சு. 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம் வழியாகக் கொடுத்தால் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியர் ஓடும். இழையின் மறுமுனையை முதலாவது போட்டோடையோடின் முகத்தில் ஒட்டுங்கள். இரண்டாவது போட்டோடையோடை எல்இடியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அதுதான் ஒப்பீட்டு அளவு.

ஒவ்வொரு போட்டோடையோடுக்கும்: கேதோடு ஆப்-ஆம்ப்பின் மைனஸ் காலுக்கு, ஆனோடு கிரவுண்டுக்கு. பின்னூட்டத்தில் 100 கிலோ ஓம், அதற்கு இணையாக 0.1 மைக்ரோ ஃபாரட். பிளஸ் காலை நேராகக் கிரவுண்டில் கட்டினால், இருட்டில் வெளியீடு முழுச் சுழிக்கு இறங்க முடியாமல் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் 33 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இரண்டையும் கொண்டு 5 வோல்ட்டைப் பிரித்து, ஏறத்தாழ 0.15 வோல்ட் கொடுங்கள். வளைவு காற்றில் இருக்கும்போதுதான் வெளிச்சம் அதிகம், அப்போது 3.5 வோல்ட்டைத் தாண்டாதபடி பின்னூட்ட ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளுங்கள். ஏடிஎஸ்1115 ஐ 4.096 வோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு கவுண்ட் (அது தரும் எண்ணில் ஒரு படி) 125 மைக்ரோவோல்ட்.

அளவுத்திட்டத்துக்கு (தெரிந்த செறிவுகளில் உணரி காட்டும் எண்களைக் குறித்துக்கொள்வதற்கு) எடைக் கணக்கே சரி: 5 கிராம் சர்க்கரை, 95 கிராம் தண்ணீர் என்றால் 5%. 20 டிகிரியில் ஒளிவிலகல் எண்கள் இவை: 0% 1.3330, 5% 1.3403, 10% 1.3479, 15% 1.3557, 20% 1.3639, 25% 1.3723, 30% 1.3811. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கரைந்திருக்கும் காற்று, வளைவில் குண்டூசித் தலை அளவு குமிழியாக ஒட்டும். குமிழி இருக்கும் இடத்தில் எண் 1.000, கரைசல் எதுவானாலும் அங்கே வெளிச்சம் ஒழுகாது. வளைவு முழுதும், தேய்த்த பகுதிக்கு மேலே 1 செ.மீ. வரை முங்க வேண்டும். 0 இலிருந்து 30 வரை ஏறி, அதே வழியில் இறங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் தண்ணீரில் அலசல். இறங்கும்போது எண்கள் ஒத்துவராவிட்டால் அலசல் போதவில்லை அல்லது இழை அசைந்திருக்கிறது.

கணக்கு: உறிஞ்சுமை = −மடக்கை (பத்தின் அடி) [(கரைசல் − இருட்டு) ÷ (தண்ணீர் − இருட்டு)]. இருட்டு என்பது எல்இடி அணைந்திருக்கும்போது வரும் வோல்ட். உதாரணமாக இருட்டு 0.150, தண்ணீர் 2.400, 10% கரைசல் 2.310 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 2.160 ஐ 2.250 ஆல் வகுத்தால் 0.96, உறிஞ்சுமை 0.0177.

இதே உதாரணத்தில் எதை எங்கே இழக்கிறோம் என்று பாருங்கள். அறைச் சூட்டில் தண்ணீரின் ஒளிவிலகல் எண் டிகிரிக்கு ஏறத்தாழ 0.0001 குறைகிறது. அதன் விளைவு 0.6 மில்லிவோல்ட், 5 கவுண்ட். ஆனால் எல்இடி சூடேறி அதன் வெளிச்சம் 0.2% குறைந்தால் 4.5 மில்லிவோல்ட், 36 கவுண்ட். ஆக, 24 பிட் ஏடிசி வாங்கப் பணத்தைக் கொட்டுவதில் அர்த்தமே இல்லை. அளவில் தடுமாற்றம் வருவது எல்இடியிலிருந்து. அரை மணி நேரம் எரியவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்குங்கள்; நடுவில் அணைக்காதீர்கள், இருட்டு அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் எடுங்கள். இரண்டு போட்டோடையோடுகளிலும் இருட்டு அளவைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்த பிறகே மேலே உள்ள சூத்திரத்தில் போடுங்கள். சிவப்பு எல்இடியில் இந்த வெப்ப இறக்கம் இன்னும் மோசம்.

எண் மெதுவாக ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருந்தால் சுற்றைப் பழிக்க வேண்டாம். பிஎம்எம்ஏ தண்ணீர் குடிக்கும். தன் எடையில் ஏறத்தாழ 2% வரை. வளைவை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். இழையின் கையை அசைத்தால் எண் துள்ளுகிறதா? கைகள் இரண்டையும் பலகையில் பதித்து ஒட்டவில்லை. டியூப்லைட் போட்டால் மாறுகிறதா? ஸ்லீவ் எங்கோ திறந்திருக்கிறது, பெரும்பாலும் போட்டோடையோடு முனையில்.

இதைப் பயோசென்சர் ஆக்குவது வேறு வேலை. ரசாயன ஆய்வகமும், ஆவிகளை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டும் வேண்டும். வளைவின் மேல் ஆன்டிபாடியை ஒட்டவைத்து, அதில் தேடும் புரதம் வந்து சிக்குவதைப் பார்ப்பதுதான் யோசனை. சிக்கல் அளவில் இருக்கிறது. எதிரொளிக்கும் இடத்தில் ஒளி திரவத்துக்குள் சற்றே எட்டிப்பார்த்து மங்கிவிடும். 525 நானோமீட்டர் ஒளிக்கு, தண்ணீரில், அந்த ஆழம் குறைந்தது 125 நானோமீட்டர். சர்க்கரை அந்த ஆழம் முழுவதையும் நிரப்புகிறது. ஆன்டிபாடி அடுக்கோ 10 நானோமீட்டர் அளவுதான். அது தரும் மாற்றம் மேலே பார்த்த எல்இடி நகர்வுக்குள்ளேயே தொலைந்துபோகும். அதனால்தான் இரண்டாவது ஆன்டிபாடியில் தங்க நானோத் துகளைக் கட்டி விடுகிறார்கள். அந்தத் துகள்கள் 520 முதல் 530 நானோமீட்டர் பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சும். பச்சை எல்இடியை முதலிலேயே தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கட்டத்துக்குப் போகும்போது இந்தச் சுற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.