சோற்றுக் கிண்ணத்துக்கு முன்னால் செல்போன்: சின்னக் குழந்தைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துத்தான் சோறு ஊட்டினேன். ரைம்ஸ் ஓடும், வாய் தானாகத் திறக்கும், பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. ஒருநாள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. வாயில் இருந்த பருப்புச் சோற்றை மெல்லாமலும் விழுங்காமலும் அவள் என்னையே பார்த்தாள். தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போல இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

நம் வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குத் தன் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. ‘அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா, அதுவும் வேடிக்கை காட்டுவதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. இடுப்பில் இருக்கும் குழந்தை காக்கையைப் பார்த்து விரலை நீட்டும். ‘ஆமா, காக்கா! பறந்து போச்சு பாரு’ என்போம். அது ‘கா’ என்னும். நாம் மறுபடி சொல்வோம். இப்படி மாறி மாறிப் பேசுவதில்தான் குழந்தைக்குப் பேச்சு வருகிறது. திரையில் வரும் காக்கையோ, குழந்தை என்ன சொன்னாலும் தன் பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கும்.

நிறுத்த எங்களுக்கு நான்கைந்து நாள் ஆனது. அந்த நாட்களில் அவள் குறைவாகத்தான் சாப்பிட்டாள், அழுதாள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, எங்களோடு பாயில் உட்காரவைத்து, ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக் கொடுத்தோம். பாதி தரையில்தான் சிந்தியது. ஆனால் அவள் கையால் எடுத்து அவளே சாப்பிட்டாள்.

அடுத்த தவறு, ‘போனில் பார்த்து ஏபிசிடி கற்றுக்கொள்கிறான், நல்லதுதானே’ என்ற நிம்மதி. 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கினார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு ஆட்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பேச்சு வீடியோவில் காட்டப்பட்டது. 12 அமர்வுகளுக்குப் பிறகு, நேரில் கேட்ட குழந்தைகளால் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறிய முடிந்தது. வீடியோ பார்த்த குழந்தைகளுக்கு அந்தத் திறன் வரவே இல்லை. பாடல் வரிகளை அப்படியே ஒப்பிக்கும் இரண்டரை வயதுப் பிள்ளை, தாகம் எடுத்தால் ‘தண்ணி வேணும்’ என்று கேட்கிறதா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: 2 வயதுக்கு முன் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த 1 மணி நேரத்தை தினமும் கொடுத்தாக வேண்டிய பங்காகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அதிகபட்ச எல்லைதான். வெளியூரில் இருக்கும் மாமாவுடனோ பாட்டியுடனோ வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்த்து அஞ்ச வேண்டாம். அங்கே எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார்.

யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அமெரிக்காவில் 2 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார்கள். 2009-இல் வந்த அதன் முடிவின்படி, டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. சீரியல் ஓடும்போது நாம் பேசுவதில்லை, அவ்வளவுதான் காரணம். நம் கையில் இருக்கும் போனும் இதையேதான் செய்கிறது. குழந்தை எதையோ காட்டக் கூப்பிடும்போது நிமிராமல் ‘ம்’ என்று சொல்வதும் திரை நேரம்தான்.

அழுதால் உடனே போன் கொடுப்பது இன்னொன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், அழுகையை அடக்க அடிக்கடி திரையைக் கொடுத்த வீடுகளில், சில மாதங்கள் கழித்துக் குழந்தைகளின் கோபமும் சட்டென மாறும் மனநிலையும் கூடுதலாக இருந்தன. ஆண் பிள்ளைகளிடமும் துறுதுறுப்பான பிள்ளைகளிடமும் இது அதிகம் தெரிந்தது. ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வதும் பழகித்தான் வர வேண்டும். பஸ்ஸில் எப்போதாவது தவிர்க்க முடியாமல் கொடுத்தால் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். அதுவே பழக்கமாவதுதான் பிரச்சினை.

தூங்கப் போகும் முன் 1 மணி நேரம் திரை வேண்டாம்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்வது. முழங்கால் வலியோடு நாள் முழுக்கப் பேரனைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரிடம் ‘செல்லைக் கொடுக்காதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போவது நியாயமில்லை. ‘அத்தை, இந்த டப்பாவில் கரண்டியும் கிண்ணமும் போட்டு வைத்திருக்கிறேன், அவன் விளையாட நீங்க உட்கார்ந்தபடி கொடுத்தால் போதும்’ என்று ஒரு வழியைச் செய்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற சொல் இப்போது வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றுகிறது. அதிகம் திரை பார்ப்பதாலேயே ஆட்டிசம், அதாவது பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடு, வந்துவிடும் என்ற பொருளில் அதைச் சொல்கிறார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் அப்படி ஒரு பெயர் கிடையாது. இதை நம்பி இரண்டு வகையில் தவறுகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயைப் பார்த்து ‘நீ போன் கொடுத்ததால்தான்’ என்கிறோம். அது கொடுமை. இன்னொரு பக்கம், ‘போனை நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். போனை இன்றே நிறுத்துங்கள், ஆனால் அதனால் சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, 2 வயதிலும் ‘அம்மா வா’ போல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்கிச் செய்துவிடுங்கள்.