பூட்டன் பிறந்த ஆண்டைப் பழைய மனுக்களில் தேடுவது எப்படி?

கொழும்பில் கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருப் பக்கத்துக் குடும்பங்களில் பூட்டன் எந்த ஆண்டு பிறந்தார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அலுமாரியில் கட்டிவைத்த கடதாசிகளுக்குள் அந்தப் பதில் இருக்கக்கூடும்.

முதலில் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத அதில் தனிக் கூடு உண்டு. வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தும் பலர் அதை வாசிப்பதில்லை.

அடுத்து, இந்தியாவிலிருந்து வந்து இலங்கையில் குடியிருந்தவர்கள் கொடுத்த பிரஜாவுரிமை மனு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5 வரை மனுக் கொடுக்கலாம் என்றிருந்தது. சுமார் 2,37,000 மனுக்கள் போயின. உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருந்தால் பொக்கிஷம். மனைவி, பிள்ளைகளின் விவரமும் அதில் இருக்கலாம்.

இப்போது கணக்கு. 1951 மார்ச்சில் எழுதிய மனுவில் "வயது 45" என்றிருந்தால், அவர் பிறந்தது 1905 மார்ச்சுக்கும் 1906 மார்ச்சுக்கும் இடையில். இதை முடிவாக எடுக்காதீர்கள். பெரியவர்களின் வயது 40, 45, 50 என்று முழு எண்ணாக வந்தால் அது குத்துமதிப்பாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகளின் வயதை நான் கூடுதலாக நம்புவேன். பெற்ற தாய்க்கு அது மறக்காது. மூத்த பிள்ளைக்கு 19 என்றால் பிறப்பு 1931 அல்லது 1932. அதற்கு ஓரிரு வருடம் முன்னால் திருமணப் பதிவைத் தேடுங்கள். அந்தப் பதிவில் மணமக்கள் இருவரின் வயதும் தகப்பன்மாரின் பெயர்களும் இருக்கும். ஒரே கடதாசியில் இன்னொரு தலைமுறை கிடைத்துவிடும்! மனுவின் வயதும் திருமணப் பதிவின் வயதும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஒத்துவந்தால் நம்பலாம். பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

வீட்டுப் பேச்சையும் தள்ளாதீர்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர்" என்று ஆச்சி சொன்னால், அது 1876ஐ ஒட்டிய காலம். ஜாதகத்தில் வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடம் முன்பின்னாகப் போய்விடும். தாது 1936இலும் வந்தது. பிள்ளைகளின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று தீர்மானியுங்கள்.

பிறப்பு இறப்புக்கு அரசாங்கப் பதிவு தொடங்கியது 1867இல். அதற்கு முந்திய ஆட்களென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளும், கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகளும் (காணி, குடும்ப விவரப் பதிவேடுகள்) தான் வழி. கொழும்புச் செட்டிமார் போன்ற பழைய குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தோம்பு ஒல்லாந்த மொழியில் இருக்கும். ஆகவே உங்கள் குடும்பப் பெயரை நாலைந்து விதமாக எழுதிக்கொண்டு போங்கள்.