சின்ன ஓடைக்கு எந்த ஃப்ளை ராட்?

ட்ரவுட் மீன் இருக்கும் சின்ன ஓடைக்காக ஃப்ளை ராட் (பூச்சி மாதிரி கட்டிய தூண்டிலை வீசும் கோல்) வாங்குகிறவர்கள் முதலில் நீளத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது, கோல் எவ்வளவு சுலபமாக வளைகிறது என்பதை. அங்கே பெரும்பாலும் 15, 20 அடி தூரம்தான் வீசுவோம். அதில் லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரே 7 அடி போய்விடும். வீசும்போது கோலை வளைப்பது லைனின் எடைதான்; ஆனால் கோல் நுனிக்கு வெளியே நிற்கும் லைன் கொஞ்சம்தான். அந்த எடைக்கு விறைப்பான கோல் அசைந்தே கொடுக்காது. நடுப்பகுதி வரை வளைகிற கோல் என்றால் மணிக்கட்டைச் சுண்டினாலே போதும். ஃபைபர்கிளாஸ் கோலைப் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்காதீர்கள், இந்த வேலைக்கு அது அருமை.

அப்புறம், கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண். எந்த எடை லைனுக்கான கோல் என்பதைச் சொல்வது அது; எண் கூடினால் லைனும் கனம். 3 வெயிட் போதும்; ஒரு சாண் மீன்கூட அதில் பெரிய மீன் மாதிரி இழுக்கும். காற்று அதிகமென்றால் 4.

சரி, நீளம்? தலைக்கு மேல் கிளைகள் மூடியிருந்தால் 6½ முதல் 7½ அடி. வெட்டவெளி ஓடையில் 8 அடிக்கு மேலும் போகலாம், லைனை நீரோட்டத்தில் படாமல் தூக்கிப் பிடிக்க வசதி.

ஏற்கெனவே விறைப்பான 3 வெயிட் கோல் கையில் இருக்கிறதா? புதிதாக வாங்கும் முன் அதிலேயே 4 வெயிட் லைனைப் போட்டு வீசிப் பாருங்கள்.