ரோட்டோர மக்களுக்காக மனு எழுதறவங்க கவனத்துக்கு: நாங்க பண்ணின தப்புங்க

போன வாரம் எங்க குழுவுல புதுசா சேந்த ஒரு பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு மனு அனுப்புச்சு, "அக்கா, பாத்துட்டு சொல்லுங்க, நாளைக்கு குடுக்கணும்"னு. நாலு பக்கம். மேல கொட்ட எழுத்துல "சாலையோரம் வாழும் மனநலம் பாதிக்கப்பட்டோருக்குத் தனிச் சட்டம் இயற்றுக!" எனக்கு வயித்தெரிச்சலா போச்சு, ஏன்னா 2019-ல கிட்டத்தட்ட இதே வரிய இதே கொட்ட எழுத்துல நான் எழுதியிருக்கேன், அதனால வீணாப் போன மாசங்கள இன்னிக்கும் எண்ணிப் பாத்துட்டிருக்கேன்.

மனுவுல தேதி போடு, நகல்ல சீல் வாங்கு, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. நாலு தடவ ஆபீஸ் படி ஏறினா தானா வந்துரும். சென்னையில இந்த வேல பாக்கறவங்க திரும்பத் திரும்ப விழற குழி மட்டும் சொல்றேன்.

இருக்கற சட்டத்த படிக்காம புதுச் சட்டம் கேக்கறது

வடசென்னையில ஒரு பஸ் ஸ்டாப் பின்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடைய மடக்கி நெஞ்சோட அணைச்சு வெச்சிருப்பாங்க, விரிக்கவே மாட்டாங்க, கணுக்கால்ல புண்ணு, ஈ மொய்க்கும், துணி கட்ட விட மாட்டாங்க. பக்கத்து டீக்கடைக்காரர்தான் எங்களுக்கு போன் பண்ணார். ஸ்டேஷனுக்குப் போனோம். "கோர்ட் ஆர்டர் இல்லாம நாங்க தொட முடியாதும்மா"ன்னுட்டாங்க. நாங்களும் அத அப்பிடியே நம்பி, ஒரு வக்கீல புடிச்சு, அவர் ஒரு நாள் வர முடியாது, மறுநாள் கோர்ட் லீவு, அடுத்த நாள் வேற பேப்பர் கேட்டாங்கன்னு எட்டு நாள் அலைஞ்சோம். ஒம்பதாவது நாள் போனா எடம் காலி. ஏதோ வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சுன்னார் டீக்கடைக்காரர், யார் வண்டின்னு அவருக்கும் தெரியல. இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கும் தெரியாது.

அந்தக் கோவத்துலதான் தனிச் சட்டம் வேணும்னு கையெழுத்து வாங்க ஆரம்பிச்சோம். மெரினா, தி.நகர், காலேஜ் வாசல்னு மாசக்கணக்குல. கட்டா கொண்டு போய் ஒரு அதிகாரி மேசை மேல வெச்சோம், அவர் பொறுமையா மூணு பக்கம் படிச்சுட்டு, "நீங்க கேட்டதுல பாதி மனநல பராமரிப்புச் சட்டத்துல ஏற்கெனவே இருக்கேம்மா, 100-ஆம் பிரிவ பாத்தீங்களா?"ன்னு கேட்டார். பாக்கல. அவ்ளோதான் கத.

அந்தச் சட்டம் 2017-ல நிறைவேறி 2018 மே 29-ல இருந்து அமல்ல இருக்கு. 100-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் தெருவுல சுத்திட்டு இருக்கார், அவருக்கு மனநோய் இருக்கு, தன்னத்தானே பாத்துக்க முடியாதுன்னு நம்பக் காரணம் இருந்தா அவரப் பாதுகாப்புல எடுக்கறது அந்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோட கடம. தயவு இல்ல, கடம. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள்ள, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும். லாக்கப்ல எந்தக் காரணத்துக்கும் வெக்கக் கூடாது. வீடில்லாதவரா இருந்தா காணாமப் போனவர்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்தத் தேடணும். கோர்ட் ஆர்டர்ங்கறது பழைய 1987 மனநலச் சட்டத்து காலத்துப் பழக்கம், அப்போ மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தித்தான் ஆஸ்பத்திரில சேக்கணும். சட்டம் மாறி வருஷமாச்சு, ஸ்டேஷன்ல இருந்தவருக்கும் தெரியல, அவரப் போய் திட்டிட்டு வந்த எங்களுக்கும் தெரியல.

இன்னொன்னு, 18-ஆம் பிரிவு 7-ஆவது உட்பிரிவு. வீடில்லாதவங்களுக்கும் ஆதரவில்லாதவங்களுக்கும் அரசு மனநல மருத்துவமனையில சிகிச்சை முழுக்க இலவசம், வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் அப்பிடித்தான், கார்டு இருந்தாலும் சரி இல்லாட்டாலும் சரி. "ஆதார் எங்க, ரேஷன் கார்டு எங்க"ன்னு கவுன்ட்டர்ல கேட்டா சண்ட போடாதீங்க, அந்த உட்பிரிவ பிரின்ட் எடுத்து நீட்டுங்க. நான் இப்போ பைக்குள்ள எப்பவும் அஞ்சு காப்பி வெச்சிருக்கேன்.

சரி, தமிழ்நாட்டுக்குன்னு தனியா ஒரு சட்டம் கேட்டா என்ன தப்புன்னு கேப்பீங்க. மனநலம் அரசமைப்புல பொதுப் பட்டியல்ல, அதாவது மத்திய அரசும் மாநிலமும் ரெண்டு பேருமே சட்டம் போடக்கூடிய பட்டியல்ல, 16-ஆவது இனம். மத்திய சட்டம் இருக்கற விஷயத்துல மாநிலம் அதுக்கு முரணா ஒண்ணு கொண்டு வந்தா குடியரசுத் தலைவர் ஒப்புதல் வரைக்கும் போகணும், முரண் இல்லன்னா அதுக்கு தனிச் சட்டமே தேவையில்ல, ஒரு அரசாணையோ எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு சுற்றறிக்கையோ போதும். நாங்க சுற்றறிக்கை கேட்டிருந்தா மூணு மாசத்துல வந்திருக்கும், சட்டம் கேட்டதால யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாமப் போச்சு. "பரிசீலிக்கிறோம்"னு ஒரு வரில முடிச்சுட்டாங்க.

இப்போ சட்டத்துல உண்மையிலேயே நடக்காம கெடக்கறது 19-ஆம் பிரிவு. குடும்பம் ஏத்துக்கல, போக வீடில்லங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தர ஆஸ்பத்திரிலயே வெச்சிருக்கக் கூடாது, இடைநிலை இல்லம் (ஆஸ்பத்திரில இருந்து வந்தவங்க தனியா வாழத் தயாராகற வரைக்கும் தங்கற எடம்), குழு இல்லம் மாதிரி எடங்கள அரசு ஏற்படுத்தணும்னு அதுல இருக்கு. எத்தன இல்லம், எந்த மாவட்டத்துல, எந்தத் தலைப்புல நிதின்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு "பரிசீலிக்கிறோம்"னு சொல்ல முடியாது. அந்தப் பொண்ணுகிட்டயும் இதத்தான் சொன்னேன், நாலு பக்கத்த ஒரு பக்கமா ஆக்கி அனுப்பிச்சிருக்கு, பரவால்ல.

ஒரே மனுவ எல்லாருக்கும் அனுப்பறது

ஆஸ்பத்திரி மக்கள் நல்வாழ்வுத் துறை. வீடற்றோர் காப்பகம் மாநகராட்சி. மறுவாழ்வு இல்லம் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்ற 21 வகை மாற்றுத்திறன்ல மனநோயும் ஒண்ணு. குடியிருப்பு, பழைய குடிசை மாற்று வாரியம், 2021-ல இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு. நாலு பேருக்கும் ஒரே மனு போனா நாலு பேரும் அடுத்தவருக்கு ஃபார்வேர்டு பண்ணுவாங்க, அது சுத்திட்டு உங்க கிட்டயே வரும். நாலு மனு, நாலு கோரிக்க.

காப்பகத்தையும் வீட்டையும் ஒண்ணாக் குழப்பறது

வீடில்லாதவங்கன்னதும் நம்ம மனசுல தனியா படுத்துக் கெடக்கற ஒரு ஆள்தான் வரார். பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு பக்கம் போய்ப் பாருங்க, மூணு தலமொறயா பிளாட்பாரத்துலயே குடும்பம் நடத்தறவங்க, ஓட்டர் ஐடி இருக்கு, பிள்ளைங்க பக்கத்து மாநகராட்சி ஸ்கூல்ல படிக்குது. இவங்களுக்கு ஆம்பளைக்கு ஒரு காப்பகம் பொம்பளைக்கு ஒரு காப்பகம் கேட்டா குடும்பத்தப் பிரிக்கறீங்கன்னு அர்த்தம். அவங்களுக்கு வேண்டியது வீடு, அதுவும் கிட்டத்துல. ஊரோட அந்தக் கோடியில கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு தூக்கிப் போட்டா பாரிமுனையில மூட்ட தூக்கறவர் விடியக்காலைல எப்படி வருவார்? திரும்ப பிளாட்பாரத்துக்கே வந்துருவார், அப்புறம் "வீடு குடுத்தும் போக மாட்டேங்கறாங்க"ன்னு பேச்சு.

தனி ஆளுங்களுக்கு காப்பகம் கண்டிப்பா கேளுங்க. ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கற அளவுக்கு நிரந்தரக் காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி, இது மத்திய அரசோட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வெச்ச கணக்கு. ஆனா "இரவுக் காப்பகம்"னு எழுதாதீங்க. ராத்திரி பூரா கோயம்பேட்டுல லோடு இறக்கறவர் பகல்லதான் தூங்கணும். வருஷம் பூரா, 24 மணி நேரமும்னு எழுதுங்க, உச்ச நீதிமன்றம் 2010-லயே அத சொல்லியாச்சு.

தகவல் உரிமை மனுவுல "ஏன்?"னு கேக்கறது

கேக்காதீங்க. "எத்தன?"ன்னு கேளுங்க. இந்த ஸ்டேஷன்ல போன வருஷம் 100-ஆம் பிரிவுல எத்தன பேர எடுத்தீங்க, எத்தன எஃப்ஐஆர். கட்டணம் 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும்.

பட்ஜெட் முடிஞ்சப்புறம் மனு குடுக்கறது

சட்டசபையில துறை துறையா நிதி கேக்கற மானியக் கோரிக்க நடக்கறப்ப ஓடி வராதீங்க. தீபாவளிக்கு முன்னாடியே குடுங்க.

போட்டோ

கம்பளி குடுக்கறப்ப எடுக்கற செல்ஃபிய நிறுத்துங்க. சிகிச்சையில இருக்கறவர் படத்த அவர் சம்மதமில்லாம மீடியாவுக்குக் குடுக்கறது அதே மனநல பராமரிப்புச் சட்டத்தோட 24-ஆம் பிரிவுப்படி தப்பு.

பாதிக்கப்பட்டவங்கள காட்சிப்பொருளா கூட்டிட்டுப் போறது

ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு பிளாட்பாரத்துல பூ கட்டி விக்கற ஒரு அம்மாவ காலைல 11 மணிக்கு கூட்டிட்டுப் போனோம். ஏசி ஹால், எல்லாரும் மைக் புடிச்சுப் பேசினாங்க, அந்தம்மாவுக்கு கடைசி வரைக்கும் முற வரல. மடியில கூடைய வெச்சுட்டு ஈரத்துணிய எடுத்து எடுத்து மூடிட்டே இருந்தாங்க. வெளிய வந்ததும், "நீங்கல்லாம் பேசி முடிக்கறதுக்குள்ள என் பூ வாடிப் போச்சு, இந்தக் கணக்க எந்த மனுவுல எழுதுவ?"ன்னாங்க. முந்நூறு ரூபா நட்டம், நான் குடுத்தேன், வாங்கல.

அடுத்த கூட்டத்த ராத்திரி ஒம்பதரைக்கு, வியாபாரம் முடிஞ்சப்புறம், அவங்க பிளாட்பாரத்துலயே வெச்சோம். கவுன்சிலர் வந்தார். பால் டப்பாவ கவுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க. மொதல்ல அந்தம்மாதான் பேசினாங்க, கழிவறைக்கு ராத்திரி பூட்டு போடறாங்கன்னு. அது எங்க கோரிக்கப் பட்டியல்லயே இல்ல.