கடற்கரைச் சிற்றூரை மேம்படுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்: தரங்கம்பாடியை முன்வைத்து

தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியதெல்லாம் கால்மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். 1792-இல் எழுப்பிய நகர வாயில், 1701-இன் சீயோன் ஆலயம், மதப்பணியாளர் சீகன்பால்கு கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயம், வீதி முடிகிற இடத்தில் 1620-இல் டேனியர்கள் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. அதை ஒட்டிக் கடல் தின்றதுபோக மிஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. இவ்வளவு சிறிய ஊரை மேம்படுத்துவது எளிதென்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே ஒரு சாலையின் அகலத்தைக் கூட்டினாலும், கரையில் நாலு லாரி கல்லைக் கொட்டினாலும் ஊரின் முகமே மாறிவிடும். கிழக்குக் கடற்கரையில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஊரில் குடியிருப்பவர்களுக்கும் திட்டம் தீட்டுபவர்களுக்கும் உதவட்டும்.

மணலைக் காலி இடமென்று வரைவது

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுவது இதுதான். வரைபடத்தில் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே வெறும் மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் நடைபாதை, பூங்கா, வாகன நிறுத்தம் என்று கோடு இழுப்பார்கள். அந்த மஞ்சள் பட்டையில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். ஃபைபர் படகுகள் கரையேறும், வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், மணலிலேயே ஏலம் நடக்கும். கூடையோடு காத்திருக்கும் பெண்கள் வாங்கிக்கொண்டு முதல் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். வெயில் ஏறியதும் அதே இடத்தில் கருவாடு காயும், ஆண்கள் வலையை விரித்து அறுந்த கண்ணியைத் தைப்பார்கள். மாலையில் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலும் அதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சித்திரையில் அளந்த கரை ஐப்பசியில் இருக்காது. வடகிழக்குப் பருவக்காற்றில் அலை மேலே ஏறும்போது படகுகளை வீட்டு வாசல்வரை இழுத்துக் கட்டுவார்கள். கோடையில் வந்து அளந்துவிட்டுப் போகிற ஆலோசகருக்கு அந்த இடம் எதற்குமே பயன்படாத நிலமாகத்தான் தெரியும். அங்கே கான்கிரீட் இருக்கை போட்டுவிட்டால் புயல் எச்சரிக்கை வரும் நாளில் படகை எங்கே ஏற்றுவது?

சட்டம் இந்த விஷயத்தில் மீனவர் பக்கம் நிற்கிறது. மீனவக் கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் இடங்கள், ஐஸ் ஆலைகள் எல்லாவற்றையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் சொல்கின்றன. அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும் என்கின்றன. நடைமுறை வேறு. 2023-இல் தமிழ்நாட்டில் வரைவு வரைபடங்கள் மீது கருத்துக்கேட்பு நடந்தபோது, பல குடியிருப்புகளும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் விடுபட்டுப் போனதாக மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆகவே கருத்துக்கேட்பு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரும் மீன் விற்கும் பெண்களும் கூடவே நடந்து, கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை தங்கள் வரைபடத்தைத் தாங்களே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். பெண்களை விட்டுவிட்டு வரைந்தால் படகு நிற்கும் இடம் வரும், கருவாடு காயும் இடம் வராது.

கல் கொட்டினால் கரை நிற்கும் என்று நம்புவது

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும்.

புதுச்சேரி இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, வடக்கே கடற்கரைச் சாலையோரம் இருந்த மணல் போய்விட்டது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு நின்றதா என்றால் இல்லை, வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவ ஊர்களைப் பிடித்தது. 2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. ஒரு தலைமுறை மணலே பார்க்காமல் வளர்ந்த பிறகு.

தரங்கம்பாடிக்கும் அலைதடுப்புச் சுவர்களோடு மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறது. மீனவருக்குத் துறைமுகம் தேவை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. வடபுறக் கரையை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடங்களில் அளந்து ஊருக்குச் சொல்லும் ஏற்பாடும், தென்புறம் சேரும் மணலை வடபுறம் கொண்டுபோய்ப் போடுவதற்கான நிதியும் திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும். அதை விட்டுவிட்டு அரித்த பிறகு டெண்டர் விட்டால் கல்தான் வரும்.

பார்வை மறைக்கிறதென்று மணல்மேட்டைச் சமன் செய்வதும் இந்த வகைத் தவறே. அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மேடு, புயல் நாளில் கடல் எடுத்துக்கொள்ளவென்று கரை வைத்திருக்கும் சேமிப்பு. அதை வழித்துப் புல்தரை போட்ட விடுதிக்கு, சில ஆண்டுகளில் சுவர் கேட்கத் தோன்றும்.

ஊரை மேலே அனுப்பி, விடுதியைக் கீழே கொண்டுவருவது

2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு 2005 மார்ச்சில் போட்ட ஆணைப்படி, கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமான வீட்டுக்காரர்கள் அப்பால் போனால் புது வீடு இலவசம். இருக்கும் இடத்திலேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. உயிருக்குப் பயந்த நேரத்தில் அது புரிந்துகொள்ளக் கூடிய முடிவு. அதன் விளைவையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கடலைப் பார்த்தே காற்றையும் நீரோட்டத்தையும் கணித்தவர்கள் கடல் தெரியாத தெருக்களுக்குப் போனார்கள். மரமில்லாத மனைகளில் வரிசையாக எழுந்த தட்டைக் கூரை வீடுகள் பல இடங்களில் வெயிலில் கொதித்தன.

தரங்கம்பாடியில் வேறு மாதிரியும் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இங்கே வீடு கட்டியபோது குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டது. ஒரே அச்சில் வார்க்காமல் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று.

2019 அறிவிக்கை, மக்கள்தொகை சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளில் கட்டடத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. பாதுகாப்புக்காக மீனவர் விட்டுக்கொடுத்த நிலத்தில் விடுதி எழுவதற்கு இது வழி திறந்துவிடக்கூடும். அப்படி நடந்தால் அதை மேம்பாடு என்று என்னால் சொல்ல முடியாது. காலி செய்த நிலத்தை ஊரின் பொது நிலமாகப் பதிவு செய்வது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

ஒரு வீதியை மட்டும் மீட்பது

சுனாமிக்குப் பின், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு டென்மார்க்கின் உதவியோடு பழைய வீடுகளைச் சீரமைத்தது நல்ல காரியம். கோட்டைக்கு வருகிறவர்கள் பார்க்கும் மாளிகைகளை மட்டுமல்ல, கோல்ட்ஸ்மித் தெருவின் தமிழ் வீடுகளையும் எடுத்துக்கொண்டார்கள். பல ஊர்களில் இந்த இரண்டாவது பாதி விட்டுப்போகிறது. திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் உள்ள வீட்டில் ஒரு குடும்பம் ஒழுகும் கூரைக்கு அடியில் இருக்கும். ஓடு மாற்ற ஆள் கிடைக்காது, இடித்துக் கான்கிரீட் போடுவதற்குத்தான் கடன் கிடைக்கும்.

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். கடலோரச் சுவர் உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைக்கும். சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், செங்கல்லே பொடிந்து கொட்டும். கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலைப் பயிற்சியும், ஓட்டு வீட்டைப் பழுது பார்க்க மானியமும் கொடுப்பது அலங்கார விளக்குக் கம்பம் நடுவதைவிட முக்கியம்.

விளக்கு என்றதும் ஒன்று: கரையில் ஹைமாஸ்ட் எனும் உயர்கோபுர விளக்கு வேண்டாம். தை முதல் பங்குனிவரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துச் சாலைக்கு ஏறிவிடும். தாழ்வான, மறைப்பு உள்ள மஞ்சள் விளக்கு போதும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் எடுக்காதது

தண்ணீரையும் கழிவையும் ஊர் மக்கள்தொகைக்கு மட்டும் கணக்கிடுவார்கள். விடுமுறை நாளில் வரும் கூட்டம் அதில் இருக்காது. கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நிற்கும். ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சி மேலே ஓர் அடி குறைத்தால் கீழே அத்தனை அடி போய்விடும். விடுதிக்கு அனுமதி கொடுக்கும் முன் பக்கத்துத் தெருக் கிணறுகளின் உப்பளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் ஊருக்குள் தங்குவதற்கும் 2019 அறிவிக்கையிலேயே ஒரு வழி இருக்கிறது. கட்டடத் தடைப் பகுதியிலும் உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அடிப்பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைத்துச் சம்பாதிக்கலாம். அதற்கு நல்ல கழிப்பறை வேண்டும், கழிப்பறைக்குக் கடன் வேண்டும், கடனுக்குப் பட்டா வேண்டும். பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை நடைபாதைக்கான டெண்டர் காத்திருக்கலாம்.