21 வயதுக்கு மேல் இங்கிலாந்தில் விளையாட்டு அறிவியல் படிக்க: யூகாஸ் விண்ணப்பம், படிப்படியாக

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகு இங்கிலாந்தில் விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. யூகாஸ் என்பது அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் பொது அமைப்பு. இளநிலைப் படிப்பு தொடங்கும்போது 21 வயது நிரம்பியிருந்தால் உங்களை முதிர்நிலை மாணவராக எடுத்துக்கொள்வார்கள். சேர்க்கைக்கு மேல் வயது வரம்பு கிடையாது. நல்ல விளையாட்டு வீரராக இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சேர்க்கைக் குழு முக்கியமாகத் தேடுவது, அறிவியலை அண்மையில் படித்திருக்கிறீர்களா என்பதைத்தான். முதிர்நிலை விண்ணப்பங்கள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

படி 1: எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

விளையாட்டு அறிவியலில் உடலியங்கியல், உயிர் இயக்கவியல், உளவியல், ஊட்டச்சத்து, புள்ளியியல் எல்லாம் வரும். பட்டம் பெற்றால் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் உண்டு. அது தவறு. பிசியோதெரபிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பிசியோதெரபி படிப்பை முடித்து, மருத்துவத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பில் பதிவும் பெற வேண்டும். காயங்களுக்குச் சிகிச்சை தருவதுதான் உங்கள் ஆசை என்றால் இப்போதே பாதையை மாற்றுங்கள்.

லஃப்பரோ, பாத் போன்ற பல்கலைக்கழகங்களில் போட்டி கடுமை. லண்டனில் குடும்பத்தோடு இருப்பவர்கள் ட்விக்கனத்தில் உள்ள செயின்ட் மேரிஸ், அக்ஸ்பிரிட்ஜில் உள்ள புரூனெல் போல வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடங்களையும் பாருங்கள். வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலையில் கற்பிக்கும் ஓபன் யுனிவர்சிட்டி இருக்கிறது. அங்கே முன்தகுதி கேட்பதில்லை. யூகாஸ் வழியாகப் போகாமல் நேரடியாகப் பதிவு செய்யலாம்.

படி 2: சான்றிதழ்களைத் திரட்டி, மின்னஞ்சல் எழுதுங்கள்

எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பட்டியலில் இவை இருக்கட்டும்:

- ஆங்கிலம், கணிதம். பெரும்பாலான இடங்களில் ஜி.சி.எஸ்.இ. (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) தரம் 4 கேட்பார்கள். அதற்கு மாற்றாக, நடைமுறை ஆங்கிலம், கணிதத்துக்கான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 சான்றைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள்.
- இலங்கை ஓ.எல்., ஏ.எல்., இந்தியப் பிளஸ் டூ மதிப்பெண்கள், பாடவாரியாக. தேவைப்பட்டால், வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் யூகே எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம்.
- ஜிம் பயிற்சியாளர், கிரிக்கெட் பயிற்சியாளர் போன்ற சான்றுகள்.

பிறகு, உங்களுக்குப் பிடித்த பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடிக் கேள்வி வையுங்கள்: “2004-இல் ஏ.எல். உயிரியலில் சி எடுத்தேன். இதை ஏற்பீர்களா, அண்மைக்காலப் படிப்பும் வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த அக்சஸ் டிப்ளமா, எத்தனை அறிவியல் கிரெடிட்?” (அக்சஸ் டிப்ளமா என்பது பள்ளியை விட்டு நாளான பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் படிப்பு; கிரெடிட் என்பது அதன் பாட அளவு.) பதில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதைப் பின்னால் காட்ட முடியாது.

படி 3: அக்சஸ் டிப்ளமா

அண்மைக்காலப் படிப்பு வேண்டும் என்று பதில் வந்தால் பெரும்பாலானோருக்கு இதுதான் வழி. முழுநேரமாகப் படித்தால் வழக்கமாக ஒரு வருடம். மொத்தம் 60 கிரெடிட். அதில் 45-க்கு பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள். பல்கலைக்கழகங்கள் தகுதியை ஒப்பிடப் பயன்படுத்தும் யூகாஸ் புள்ளிக் கணக்கில், 45-உம் டிஸ்டிங்ஷன் என்றால் 144 புள்ளி, மெரிட் என்றால் 96, பாஸ் என்றால் 48. தொடக்கத்தில் எழுதும் பாடங்களும் இறுதித் தரத்தில் சேரும். முதல் இரண்டு மாதம் மெதுவாகப் போகலாம் என்று விட்டால், போன தரத்தைப் பிறகு மீட்பது கடினம்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, ஒத்துவராத பாடத்தில் டிப்ளமா எடுப்பது: வணிகத்தில் எடுத்தால் அறிவியல் கிரெடிட் இருக்காது. மற்றது, உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் கியூ.ஏ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் இல்லாத இணையவழிப் படிப்பு. அந்த அமைப்பின் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கட்டணத்துக்கு 19 வயதுக்கு மேற்பட்டோருக்கான அட்வான்ஸ்டு லேர்னர் லோன் என்ற அரசுக் கடன் கிடைக்கும். அக்சஸ் டிப்ளமாவுக்கு வாங்கிய கடனில் மீதமுள்ளது, பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகிவிடும். தகுதியுள்ள பலர் இது தெரியாமல் பயந்து ஒதுங்குகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

படி 4: யூகாஸ் படிவம்

ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுத்துப் போடலாம். 2026 சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜனவரி 14, மாலை 6 மணி. அடுத்த ஆண்டுகளுக்கும் ஜனவரியை மனதில் வைத்து, சரியான தேதியை யூகாஸ் தளத்தில் பாருங்கள். பாதியில் விட்ட படிப்பு, தோல்வியடைந்த பாடம் எதையும் மறைக்காதீர்கள். தெரிந்தால் இடமே போகும்.

தன்விளக்கக் கடிதம் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தவை எப்படித் தயார்படுத்தின, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

மூன்றாம் கேள்விதான் உங்கள் பலம். பதினெட்டு வயதுக்காரரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. ஆனால் “சிறு வயதிலிருந்தே விளையாட்டு பிடிக்கும்” என்று எழுதினால் அது வீண். இப்படி எழுதலாம்: “வார இறுதியில் சிறுவர்களுக்குப் பந்துவீச்சுப் பயிற்சி தருகிறேன். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓவர் வரம்பு ஏன் என்று தேடியபோது, கீழ்முதுகு எலும்பில் வரும் அழுத்த முறிவைப் பற்றிப் படித்தேன். ஒவ்வொருவரும் வீசும் ஓவர்களை இப்போது குறித்துவைக்கிறேன்.” செய்தது, கேட்ட கேள்வி, படித்தது, மாற்றியது என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. இந்த எடுத்துக்காட்டை அப்படியே எடுக்காதீர்கள். யூகாஸ் மற்ற கடிதங்களோடு ஒப்பிட்டு ஒப்புமைச் சோதனை செய்கிறது.

பரிந்துரைக் கடிதத்தை அக்சஸ் ஆசிரியர், மேலாளர், தன்னார்வப் பணியின் பொறுப்பாளர் தரலாம். உறவினர், நண்பர் கூடாது. பள்ளி, கல்லூரி வழியாக இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவர்களுக்கு, பரிந்துரைப்பவர் எழுதி முடிக்கும்வரை படிவம் போகாது. யூகாஸ் அவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுவதும் உண்டு. நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: பணம்

2025-26-இல் இங்கிலாந்து மாணவர்களுக்கு ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்ட். கட்டணக் கடனுக்கு இதுவரை வயது வரம்பு இல்லை. 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்குக் கடன் முறை மாறுவதால் அப்போதைய விதியைப் பாருங்கள். 25 வயது ஆகிவிட்டால் பெற்றோர் வருமானம் கேட்கமாட்டார்கள். துணைவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் இருந்தால் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கான சைல்ட்கேர் கிராண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி தவறவிடும் விதி ஒன்று: இலங்கையிலோ இந்தியாவிலோ வாங்கிய பட்டமும் பட்டம்தான். ஏற்கெனவே ஒன்று இருந்தால் இரண்டாவது இளநிலைக்கு வழக்கமாகக் கடன் கிடைக்காது. மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் வழக்கமாகக் கிடைக்காது.

படி 6: இடம் கிடைத்த பின்

பதில்கள் வந்ததும் ஒன்றை உறுதித் தேர்வாகவும், நிபந்தனை குறைவான ஒன்றைக் காப்புத் தேர்வாகவும் வையுங்கள். கோடையில் புள்ளியியலைத் தொடங்குங்கள்: சராசரி, திட்ட விலக்கம், இணைத்தொடர்பு, டி-சோதனை. உடற்கூறியலை மனப்பாடம் செய்து சமாளிப்பவர்கள்கூட ஆய்வகத் தரவை அலசும்போது தடுமாறுவார்கள். ஓபன் யுனிவர்சிட்டியின் ஓபன்லேர்ன் தளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன.

எங்கும் இடம் கிடைக்காவிட்டால் மீதமுள்ள இடங்களை நிரப்பும் கிளியரிங் ஜூலை தொடக்கத்தில் திறக்கும். யூகாஸ் எண்ணும் சான்றிதழ்களும் கையில் இருக்க, பல்கலைக்கழகத்தை நீங்களே அழையுங்கள். மனைவியோ கணவரோ பிள்ளையோ அழைத்தால், முன்பே அனுமதி பதிந்திருந்தால் தவிர, உங்கள் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.