சும்மா கிடந்தாலும் ஹார்டு டிஸ்க் கரகரன்னு ஓடுதா? பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு

மவுசைக் கூட தொடல, ஆனா ஹார்டு டிஸ்க் லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கு, ஒரு ஃபோல்டர் திறக்குறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம். நம்ம ராமநாதபுரம் கடலோரத்துல மண்டபம், கீழக்கரை பக்கம் ஜெராக்ஸ் கடையிலயும் கருவாட்டுக் கடையிலயும் கணக்குப் போடுற விண்டோஸ் 10 மெஷின் பலதும் இந்த கதிதான். உடனே ஃபார்மேட் அடிக்க கொடுத்துறாதீங்க, டிஸ்க்க யாரு போட்டு வாட்டுறான்னு மொதல்ல பாப்போம்.

ஸ்டெப் 1: ஆன் பண்ணி ஒரு பத்து நிமிஷம் விடுங்க, பூட் ஆன உடனே எல்லா மெஷினும் ஓடத்தான் செய்யும். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல டிஸ்க்னு இருக்க தலைப்ப க்ளிக் பண்ணா அதிகமா ஓடுறது மேல வந்து நிக்கும். வெறும் சிஸ்டம்னு மொட்டையா காட்டுனா பெர்ஃபார்மன்ஸ் டேபுக்குப் போயி ரிசோர்ஸ் மானிட்டர திறங்க, எந்த ஃபைலுன்னு பேரோட சொல்லிரும். பேஜ்ஃபைல்னு வந்தா தப்பு டிஸ்க் மேல இல்ல, ராம் பத்தல. 2 ஜிபி, 4 ஜிபி ராம்ல குரோம் டேப வரிசையா திறந்து வச்சா மிச்சத்த விண்டோஸ் டிஸ்க்லதான் கொண்டு போயி வைக்கும், வேற எங்க வைக்கும்.

ஸ்டெப் 2: ஸ்டார்ட் மெனுல சர்வீசஸ்னு தேடி திறந்து, சிஸ்மெயின டபுள் க்ளிக் பண்ணி ஸ்டாப் கொடுத்து, ஸ்டார்ட்அப் டைப்ப டிசேபிள்னு மாத்துங்க. முன்னாடி சூப்பர்ஃபெட்ச்னு இருந்தது இதுதான், நீங்க அடிக்கடி திறக்குறத டிஸ்க்லருந்து படிச்சு முன்கூட்டியே ராம்ல ஏத்தி வைக்கிற வேலை. ரெண்டு நாள் பாருங்க, புரோகிராம் திறக்க இன்னும் லேட்டானா திரும்ப ஆன் பண்ணிருங்க.

ஸ்டெப் 3: ஃபைல் தேட வசதியா பட்டியல் போட்டு வைக்கிற சர்ச் இண்டெக்ஸர் ஓடுனா இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்ல வேண்டாத ஃபோல்டர எடுத்துருங்க. விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் ஸ்கேன் ஓடுனா முடியட்டும், அத ஆஃப் பண்ணாதீங்க. கடைக்கு வர்றவங்க பென்டிரைவ் எல்லாம் அதுலதான சொருகுறாங்க.

ஸ்டெப் 4, இத நம்ம ஊர்க்காரங்க விட்றாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம், ஆனா ரீட் ரைட் ஸ்பீடு சில நூறு கேபிதான், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்குல மில்லிசெகண்டுன்னா சாஃப்ட்வேர நோண்டாதீங்க. ஃபைல எல்லாம் மொதல்ல வெளிய காப்பி எடுத்துட்டு டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர போட்டுப் பாருங்க. மஞ்சள் கலர்ல காஷன்னு வந்து, ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போயி மாத்துன இடம்), பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்க இடம்) எண்ணிக்கை ஏறுனா டிஸ்க் போற நேரம் வந்துருச்சு. அது ஏறாம சிஆர்சி எரர் (டேட்டா போற வழியில வர்ற பிழை) மட்டும் நாளுக்கு நாள் ஏறுனா கேபிள சந்தேகப்படுங்க. கரண்ட் ப்ளக்க புடுங்கிட்டு டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள கழட்டிப் பாத்தா உப்புக்காத்து பட்டு பின்னு கருத்தோ பச்சை பூத்தோ இருக்கலாம், கேபிளு சல்லிசுதான், புதுசா மாத்திருங்க.

இதுக்கும் அடங்கலன்னா ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா சுத்துற பாகமே இல்லாத, வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போட்டுருங்க, விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சதால விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுப் பாக்கவும் இதுதான் நல்ல நேரம். டாலி மாதிரி விண்டோஸ்ல மட்டும் ஓடுற கணக்கு சாஃப்ட்வேர் இருந்தா மட்டும் அவசரப்பட்டு மாத்திறாதீங்க.